இருபத்துமூன்றாம் உறை

தம்பி, தவறாக எண்ணவில்லை என்றால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மடியில் இருக்கிறதே, அந்த லென்ஸின் உறை கடையில் வாங்கியதுதானே? அப்படித்தான் நினைத்தேன். இலை அச்சடித்த துணி. எவ்வளவு பச்சை! சன்னலுக்கு வெளியே பாருங்கள். கொட்டாம்பட்டி தாண்டிவிட்டோம்; மேலூர் வரும்வரை இந்தப் பச்சையில் ஒரே ஓர் இலையைக் காட்டுங்கள், நான் எழுந்து நின்றுகொண்டே வருகிறேன். அது வேறு ஏதோ நாட்டு மழைக்காட்டின் இலை. பங்குனி மாதத்தில் நம் பாறைக் கரட்டுக்குள் இதைத் தூக்கிக்கொண்டு போனால் சலவை வேட்டி போலப் பளிச்சென்று தெரியும். பறவைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

மன்னிக்க வேண்டும். குறை சொல்வதற்காகப் பேச்சைத் தொடங்கவில்லை. சேங்கிணற்றுப்பட்டியில் ஏறியதிலிருந்து யாரிடமாவது பேசியாக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உறை கண்ணில் பட்டது, அதைப் பிடித்துக்கொண்டேன். நானும் உறை தைத்தவன். இருபத்தாறு உறைகள். இப்போது தைப்பதில்லை.

தொழில்முறைத் தையற்காரன் அல்லன். கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். முப்பத்திரண்டு ஆண்டு தாலாட்டுகளைத் திரட்டினேன். ஒரே தாலாட்டு ஓர் ஊரில் ஒரு விதமாகவும், கண்மாயைத் தாண்டினால் வேறு விதமாகவும் பாடப்படும். அந்த வேறுபாடுகளை வரிசைப்படுத்துவதே என் வேலை. அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு வரக்கூடாது. பாடியவர் யார், என்ன வயது, எந்த ஊர், யாரிடம் கற்றார், என்றைக்குப் பாடினார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். அவை இல்லாத பாட்டு எங்கள் கணக்கில் அநாதை. மாணவர்கள் அப்படிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ‘ஊர் எங்கே?’ என்று ஒரு பெண்ணை அழவைத்ததும் உண்டு. அது போகட்டும்.

ஓய்வுபெற்ற பிறகு காலையில் கண்மாய்க்கரையில் நடப்பேன். அங்கே பறவை பார்க்கும் குழு ஒன்று வரும். ஒருவர் தம்முடைய வெள்ளை லென்ஸின் மேல் ஈரிழைத் துண்டைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார், கை ஒடிந்தவனுக்குக் கட்டுப் போட்டதுபோல. எனக்குப் பொறுக்கவில்லை. அளவு எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் தைத்தேன்.

என் மனைவி விசாலாட்சி அரைமணி நேரம் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். பிறகு, “முப்பது வருசமா என் ரவிக்கைக்கு ஒரு கொக்கி வச்சதில்ல. இப்ப யார் வீட்டுப் பிள்ளைக்கோ சட்டை தைக்கிறீக. பிள்ளைக்கு ஒத்தக் கண்ணுதான் இருக்கு போல?” என்றாள்.

உறை தைப்பது சட்டை தைப்பது போன்றதன்று, தம்பி. லென்ஸின் உடம்பில் திருகும் வளையங்கள் உண்டு. அவை மறையவும் வேண்டும், விரலுக்கு எட்டவும் வேண்டும். ஆகையால் ஒரே குழாயாகத் தைக்கலாகாது. மூன்று துண்டுகளாகத் தைத்து, ஓட்டின்மேல் ஓடு படிவதுபோலப் படியவைக்க வேண்டும். முதல் நான்கு உறைகளுக்கு ஒட்டுப்பட்டை வைத்தேன். அதைப் பிரிக்கும்போது எழுந்த ‘சர்ர்’ என்ற ஒலிக்கு ஒரு கண்மாயின் கொக்குகள் அத்தனையும் எழும்பிவிட்டன. அதன்பின் நாடாதான். துணி, பழைய கதர்ப் போர்வை. சாயம், ஆவாரம்பட்டை, கடுக்காய், துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர், வடிகட்டிய தேயிலை. வெண்மைக்கென்று விற்கும் சலவைத்தூள் பட்ட துணியைத் தொடவே மாட்டேன். அது பறவையின் கண்ணுக்கு மின்னும் என்று படித்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேல், இடம். எந்த இடத்தில் படம் எடுக்கப் போகிறார்களோ அந்த இடத்தின் மண் ஒரு பிடி, சருகு ஒரு பிடி, பாறையாக இருந்தால் அதில் படிந்த கற்பாசியில் ஒரு சில்லு கொண்டுவரச் சொல்வேன். அதற்கு ஒப்பச் சாயம் ஏற்றுவேன். மிச்சத் துணியில் ஒரு துண்டை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் மண்ணைச் சிறு பொட்டலமாகக் குத்தி, கீழே எண், ஊர், இடம், வழி காட்டியவர், நாள். ஆம், அதே கட்டுப்பாடு. பழக்கம் கையை விடவில்லை. நோட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் வியந்தார்கள். அந்த வியப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஓய்வுபெற்றவனை யார் வியக்கிறார்கள்?

ஜெசிந்தா வந்தது போன ஆண்டு தை மாதம். பறவை ஆய்வு செய்கிற பெண், இருபத்தொன்பது வயது. ஒரு காகிதத்தில் மடித்துக் கற்பாசிச் சில்லு ஒன்றைக் கொடுத்தாள். சாம்பல் நிறம், ஓரத்தில் மஞ்சள். இருநூறு வகைத் துணி ஒப்பிட்டவன் நான். அப்படியொரு நிறத்தைக் கண்டதில்லை.

“எந்த இடம் அம்மா?” என்றேன்.

“ஐயா, அத மட்டும் கேக்காதீங்க. கொம்பன் ஆந்தை. மூணு வருசமா ஒரே பாறை இடுக்குல முட்டை வைக்குது. இடம் எனக்கும் இன்னொருத்தருக்கும்தான் தெரியும். வெளிய போச்சுன்னா முடிஞ்சது.”

அவள் சொன்னது முழுவதும் எனக்குப் புரிந்தது. அப்படியும் விட்டேனா? ஊர் இல்லாத துணியை நோட்டில் ஏற்றுவதில்லை என்றேன். என் முப்பத்திரண்டு ஆண்டுகளைச் சொன்னேன். தைப்பதற்கு ஊர்ப்பெயர் தேவையே இல்லை, தம்பி. சில்லு போதும். இதை அவளும் அறிவாள். ஆனால் மூத்தவன் கேட்கிறேன், அதுவும் இலவசமாகத் தைத்துத் தருகிறவன்; எவ்வளவு நேரம்தான் மறுப்பாள்?

“உங்களுக்கு மட்டும் சொல்றேன் ஐயா” என்று சொன்னாள். சேங்கிணற்றுப்பட்டி, தவளைப்பாறை, உடைந்த கிணற்றுக்கு மேற்கே இரண்டாவது பிளவு. காட்டிக்கொடுத்தவர் ஆண்டிச்சாமி, வெள்ளாடு மேய்ப்பவர். ஆந்தையைக் கண்டால் ஊரார் கல்லெறிவார்கள் என்பதால் எவரிடமும் சொல்லாமல் மூன்று ஆண்டு அதைக் காத்தவர். அவரை இவள் அண்ணே என்று அழைப்பாள்; அவர் வீட்டில் சாப்பிடுவாள்.

துணி எண் இருபத்துமூன்று. எல்லாவற்றையும் எழுதினேன். ‘தகவலாளி: ஆண்டிச்சாமி, சுமார் ஐம்பத்தைந்து வயது’ என்று பெயருக்கு அடியில் கோடும் இட்டேன்.

இருபத்துமூன்றைப்போல ஓர் உறை அதற்கு முன்னும் நான் தைத்ததில்லை, பின்னும் இல்லை. அதைப் பாறைமேல் வைத்துவிட்டு அவளே ஐந்து நிமிடம் தேடினாளாம். சொல்லும்போது சிரித்தாள். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெட்கம் என்று சொல்லத் தொடங்குகிறேன். வாய் தையலுக்குப் போய்விடுகிறது.

அடுத்த மாதம் ரகோத்தமன் வந்தார். பல் மருத்துவர், குழுவில் மிகப்பெரிய லென்ஸ் அவருடையது. நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். அந்த நேரம் விசாலாட்சி உள்ளிருந்து கூப்பிட்டாள், காப்பியை எடுத்துப் போகச் சொல்லி. போனேன். இரண்டு தம்ளரோடு திரும்பி வந்தபோது அவர் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நோட்டு இருபத்துமூன்றில் விரிந்து கிடந்தது.

பார்த்தேன் தம்பி. பார்க்கவில்லை என்று இதுவரை என்னிடமே சொல்லிவந்தேன். உங்களிடம் சொல்ல முடியவில்லை. பார்த்தேன். ‘டாக்டர், அதை மட்டும் மறந்துவிடுங்கள்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், எழுதக்கூடாததை எழுதி வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாகும். காப்பியை வைத்தேன். பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பி, “இந்தப் பத்தொன்பது, வைகை மணல்” என்று விளக்கத் தொடங்கினேன்.

“பிரமாதம் சார், பிரமாதம்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவளைப்பாறை அடிவாரத்தில் ஒன்பது கார்கள். பட்டப்பகலில் தாய்ப்பறவையை எழுப்பிவிட்டார்கள். கொம்பன் எழும்பினால் காக்கைகள் சும்மா இருக்குமா? துரத்தித் துரத்திக் கொத்தின. அது திரும்ப முடியாமல் போன நேரத்தில் மூன்று முட்டைகளையும் காக்கைகளே கொண்டுபோயின. அங்கே கூடியவர்களின் லென்ஸ்களில் ஆறுக்கு நான் தைத்த உறை. படங்களில் பார்த்து எண்ணினேன்.

இதற்குப் பிறகுதான் என் படிப்பு எனக்கு உதவியது. எப்படி என்று கேளுங்கள். செய்தி எப்படி வெளியே போயிற்று என்று பறவைக் குழுக்களில் கதைகள் பரவின. ஒரே வாரத்தில் நான்கு வடிவங்கள் எனக்குக் கிடைத்தன. ஜெசிந்தாவே ஒரு படத்தை அவசரப்பட்டு வெளியிட்டுவிட்டாள் என்பது ஒன்று. வனத்துறையில் யாரோ சொன்னார்கள் என்பது ஒன்று. டீக்கடையில் ஆண்டிச்சாமி உளறினார் என்பது ஒன்று. ஒரு கைப்பேசிக்கு ஆசைப்பட்டு ஆண்டிச்சாமி கூட்டிப்போனார் என்பது ஒன்று. நான்கிலும் நான் இல்லை. எந்த வடிவம் நிலைக்கும், எது உதிரும் என்று எனக்குத் தெரியும். அதுதானே என் வேலை. கேட்டவுடன் மனத்தில் பதிவது எதுவோ அது நிலைக்கும். கைப்பேசிக் கதை நிலைக்கும் என்று இரண்டாம் நாளே கணித்தேன். நிலைத்தது. கணிப்பு சரியானதில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், மகிழ்ச்சிகூட வந்தது.

நடந்தது என்ன தெரியுமா? ரகோத்தமனும் கூட்டாளிகளும் கிணற்றடியில் காரை நிறுத்தி, “ஆண்டிச்சாமி அண்ணன் யாரு?” என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பெயர் சொல்லி வந்தவர்களை ஜெசிந்தா அனுப்பிய ஆட்கள் என்று அவர் நம்பிவிட்டார். அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார்.

“பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க பாப்பா. நீ சொல்லாம என் பேரு எப்படித் தெரியும்?” என்று அவளிடம் அழுதாராம். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அவள் எவரையும் அனுப்பவில்லையே. அந்த மனிதர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று அறிந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் என்னிடமும் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “ஐயா, சும்மா ஒரு வார்த்தைக்குக் கேக்குறேன். நீங்க யார்கிட்டயும்…”

“நான் எவரிடமும் வாய் திறக்கவில்லை அம்மா” என்றேன்.

உண்மைதானே? நான் வாய் திறக்கவில்லையே. அவள் உடனே, “தெரியும் ஐயா, கேட்டதே தப்பு. மன்னிச்சிடுங்க” என்று என் காலைத் தொட்டாள். தொடவிட்டேன். அன்று மாலை நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். விசாலாட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல பக்கத்த ஏன் கிழிக்கிறீக?” என்றாள். சாயம் ஓடிவிட்டது என்றேன். அதன்பின் தைக்கவில்லை.

ஆண்டிச்சாமி வீட்டுப் பக்கம் அவள் ஓராண்டாகப் போகவில்லை.

இவ்வளவோடு போயிருந்தால் நானும் மெல்ல மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். மனிதன் மறப்பான். போன வாரம் அவள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கரட்டுப் பறவைகளைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதியிருக்கிறாள். நாளை அச்சுக்குப் போகிறது. “உங்க கண்ணு பட்டாத்தான் எனக்கு நிம்மதி ஐயா” என்று மெய்ப்புப் பார்க்கச் சொன்னாள். இதோ, இந்தப் பையில் இருப்பது அதுதான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். ‘நம்பிக்கைக்குரியவராக இருந்த ஆடு மேய்ப்பவர் ஆண்டிச்சாமி, இருப்பிடத்தை வெளியாருக்குக் காட்டிக் கொடுத்ததால் கூடு அழிந்தது.’ பெயரோடு. ஊரோடு. அந்த வாக்கியத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தினேன். சிவப்பு மையில், ஓரத்தில், தெளிவாக. திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மூன்று பக்கம் கடந்த பிறகே, என்ன செய்தோம் என்று கை நின்றது.

வாயில் உலவுகிற கதைக்கு நான்கு வடிவம் இருக்கும். நாற்பது வடிவமும் வரும். எங்கோ ஒன்றில் ஆண்டிச்சாமி தப்பிக்கலாம். அச்சில் வந்துவிட்டால் அது ஒன்றே வடிவம். நூறு தாலாட்டுகளுக்கு அப்படி நேர்ந்ததை நானே எழுதியிருக்கிறேன்.

ஆகவே இன்று காலை புறப்பட்டேன். முதலில் அவரிடம் ஒப்புக்கொள்வது; பிறகு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் அவளிடம். தாளை வாங்கிக்கொள்ள அங்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த வரிசையில் சொன்னால்தான் முறை என்று முடிவுசெய்தேன். பார்த்தீர்களா, அதற்கும் ஒரு வரிசை.

ஆண்டிச்சாமி வேலியோரம் ஆட்டுக்குக் கொழை வெட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவுக்கு வேண்டியவன் என்று சொன்னேன். அரிவாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

“பாப்பா அனுப்புச்சா?”

“இல்லை. நானாகத்தான் வந்தேன்.”

“பாப்பா நல்லாருக்கா? சாப்பிடுதா? அது சாப்பாட்டையே மறந்துரும் சார்.” கட்டிலை இழுத்துப் போட்டார். மோர் வந்தது. “அன்னைக்கு ஒம்பது காரு. காமிராவுக்கெல்லாம் இலைச்சட்டை மாட்டியிருந்தாங்ய. காருக்கு என்னத்த மாட்டுனாங்ய, சொல்லுங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். “ஐயா, அன்று அவர்கள் உங்கள் பெயரைச் சொல்லி…” என்றேன்.

“அதத்தான் சார் நானும் ஒரு வருசமா யோசிச்சேன்” என்றார். அவர் முந்திக்கொண்டார், தம்பி. நான் வேண்டுமென்றே நிறுத்தவில்லை, முந்திக்கொண்டார். “என் பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பாப்பா சொல்லல. அது பொய் சொல்லாது. அப்ப நாந்தான சொல்லியிருக்கணும்? மாசி மாசம் மச்சினன் வீட்டு விசேசத்துல கொஞ்சம் குடிச்சிருந்தேன். அங்க ஒளறியிருப்பேன். எனக்கு நெனவில்ல. ஆனா அப்படித்தான் இருக்கணும். யோசிக்க யோசிக்க, அங்க நின்னு சொன்ன மாதிரியே தெரியுது. ஒரு நீலச்சட்டைக்காரன்கிட்ட. அவன் மூஞ்சிகூடத் தெரியுது சார்.”

இல்லாத நீலச்சட்டை. நான் முப்பத்திரண்டு ஆண்டு படித்த பொருள், கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஊரார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கேட்பவன் அதை நம்புவான் என்று எழுதியிருக்கிறேன். யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ அவனே நம்பிவிடுவான் என்று எழுதியதில்லை.

அவர் என் கையைப் பிடித்தார். “நீங்க பெரிய மனுசரு. நீங்க சொன்னா பாப்பா கேக்கும். ஆண்டிச்சாமி தப்ப ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க சார். ஒத்துக்கிட்டா வீட்டுக்கு வரும்ல?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. மோர் தம்ளரைக் கீழே வைத்தேன். “சொல்கிறேன்” என்றேன். தெருமுனை வரை கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார். பஸ் நகரும்போது படியருகே ஓடிவந்து, “மறந்துராதீக!” என்று கத்தினார். நீங்கள்கூடத் திரும்பிப் பார்த்தீர்கள்.

பாருங்கள், இப்போது என்னிடம் ஒரு வசதி இருக்கிறது. அவரே ஒப்புக்கொண்டார் என்று நான் சொல்லலாம். அது பொய்யன்று, அவர் வாயாலேயே சொன்னார். அவள் மன்னிப்பாள். அவர் வீட்டுக்குப் போவாள். அந்த வாக்கியத்தை எடுத்துவிடு அம்மா, பாவம், என்று நானே பரிந்து பேசலாம். அவள் கேட்பாள். மூவருக்கும் நிம்மதி. மேலூர் நெருங்கும் வரை இதைத்தான் ஒத்திகை பார்க்க நினைத்தேன். அதற்குள் உங்கள் உறை கண்ணில் பட்டு, உண்மையான வடிவத்தை உங்களிடம் சொல்லிவிட்டேன். ஓராண்டில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். நன்றாகத்தான் சொன்னேன், இல்லையா? தடுமாறவில்லை. முன்பின் தெரியாதவரிடம் தடுமாற்றம் வருவதில்லை.

நீங்கள் ஒத்தக்கடையில் இறங்குவதாக நடத்துநரிடம் சொன்னீர்கள். அந்த நிறுத்தம் போய்விட்டது, தம்பி. நான் பேசிக்கொண்டே இருந்தேன், நீங்களும் எழுந்திருக்கவில்லை. கவனித்தேன். நான் கவனிக்காதவனாக இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஓர் உதவி. பாட்டுச் சேகரித்த நாள்களில் ஒன்றைக் கண்டேன். பாடுகிறவர் தனியே இருந்தால் வரியை விடுவார், மாற்றுவார், தமக்கு வேண்டாததை விழுங்குவார். அந்தப் பாட்டை முன்பே கேட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்துவிட்டால் மாற்றமாட்டார், கூச்சம் விடாது. நீங்கள் எதுவும் பேச வேண்டாம். என் பக்கத்தில் நில்லுங்கள், ஐந்து நிமிடம்.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது. அதோ, தூணருகே மஞ்சள் துப்பட்டா. அவள்தான். பார்த்துவிட்டாள், கையசைக்கிறாள், பாருங்கள், எப்படிச் சிரிக்கிறாள்.

இறங்குங்கள் தம்பி. இல்லை, நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னாலேயே வருகிறேன்.